மாஸ்க்குக்குள் திட்டியது

இன்று காலை திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ் ஏறினேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டதால் முகத்தில் மாஸ்க்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எந்த செராமிக் கம்பெனிங்க? எங்க ஓனரு மாஸ்க்கெல்லாம் தர்றதில்ல. மண்ணுத் தூசிக்குத் துண்டைத்தான் கட்டிக்கிறோம்."

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் அதிகம்; எங்கள் பக்கம் மாஸ்க் என்றால் அந்தத் தூசிக்குத்தான்.

"கம்பெனி இல்லீங்க, எனக்கு கேன்சரு. மருந்து ஏத்துறதால ஒடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல. லேசா காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிதான்" என்றேன்.

அவ்வளவுதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். கேன்சர் என்ன ஒட்டிக்கொள்ளுமா? வழியெல்லாம் அவரை முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் எட்ட நின்றபடியே கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு நாளா சளி. ஒங்களுக்கு ஒட்டிக்கப் போவுதுன்னுதான் எழுந்து போயிட்டேன்."

எனக்காக விருத்தாசலம் வரைக்கும் நின்றே வந்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாஸ்க் மட்டும் இல்லையென்றால் நான் திட்டியதெல்லாம் பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். இப்படித் திட்டிவிட்டு முழித்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?