பிஸ்கட் டின்னும் பேஸ் கித்தாரும்

டோரினுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். சுங்கை காடுட்டில் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குப் பரிசோதனை வேலை. பழுது என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை ஒரு வழி பண்ணாமல் நாற்காலியை விட்டு எழமாட்டாள். வீட்டிலும் அதே குணம்தான். ரந்தாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்த வரிசை வீட்டில், ரைஸ் குக்கர் முதல் சலவை இயந்திரம் வரை அவள் பிரித்துப் பார்க்காத பொருள் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கும் நெடுநாளாக ஒரு குறை இருந்தது. அவள் கணவர் எட்மண்ட் இளவயதில் தோட்டத்து இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர். அதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, மண்டபத்தில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில் தோட்ட அலுவலகக் கிராணி பதிவுசெய்து கொடுத்த கேசட். கூடத்து ஸ்டீரியோவில் போட்டால் பாடுகிறவர் குரல் கேட்கும், டிரம் கேட்கும். மூன்றாவது பாட்டின் நடுவே ‘டமார்’ என்று ஒரு பிஸ்கட் டின் விழுவதுகூடத் துல்லியமாகக் கேட்கும். எட்மண்டின் கித்தார் மட்டும் கேட்காது.

அந்த டின்னைப் போட்டவள் டோரினேதான். லிங்கியிலிருந்து சித்தியோடு தாமதமாக வந்து, நிறைந்த மண்டபத்தைப் பார்த்து மிரண்டு, கையிலிருந்ததை நழுவவிட்டாள். பிறகு சாப்பாட்டு மேசையருகே எட்மண்ட் முதன்முதலாக வந்து பேச்சுக் கொடுத்தார். டின் விழுந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றும் மானம் போகும்.

மகள் டான்யாவுக்கு இது போதாதா? “மம்மியோட டின்னு கேக்குது, டேடியோட கித்தாரத்தான் காணோம். உண்மையிலேயே வாசிச்சீங்களா, இல்ல சும்மா மாட்டிக்கிட்டு நின்னீங்களா?”

“வாசிச்சேன்லா. வாசிக்கும்போது எனக்கு அக்கம்பக்கமே தெரியாது,” என்று எட்மண்ட் சிரித்து மழுப்புவார். போன கிறிஸ்துமஸில் உறவினர் எல்லார் முன்னாலும் அவள் அதையே கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. கேசட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். டோரினுக்கு மனசு கேட்கவில்லை. இந்த மனுஷன் வாசித்ததை இந்த வீடு கேட்டே ஆக வேண்டும் என்று தீர்மானித்தாள்.

கேசட்டில் குறையில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்குப் பேஸின் அடித்தொண்டைச் சத்தம் வராது, அவ்வளவுதான். அதற்கென்றே இருப்பது சப்வூஃபர் என்ற ஸ்பீக்கர் பெட்டி. புது செட் வாங்கச் சொன்னாள் டான்யா. டோரின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்குத் தனித் துளை இல்லாததால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே இணைக்கக்கூடிய பெட்டிகளாகத் தேடி, சிரம்பானில் இரண்டு பிடித்தாள். ஒன்று மட்டும் இருந்தால் கூடத்தின் ஒரு பக்கம் உறுமும், மறுபக்கம் ஊமையாகிவிடும்.

எங்கே வைப்பது என்று கண்டுபிடித்ததுதான் வேடிக்கை. எட்மண்ட் உட்காரும் சோபாவில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து வேறொரு பாட்டை ஓடவிட்டாள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து தவழ்ந்து காதைத் தீட்டினாள். சத்தம் எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டி போக வேண்டும். முருங்கைக்கீரை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ராக்கம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னா டோரின், தோடு விழுந்துருச்சா?”

“இல்லக்கா, சத்தத்தத் தேடுறேன்.”

சப்வூஃபர் வாங்கியவர்கள் பாதிப் பேர் தெருவையே அதிரவைப்பார்கள். டோரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கறியில் உப்பு மாதிரி, இருப்பது தெரியக்கூடாது, இல்லாவிட்டால்தான் தெரிய வேண்டும். அந்தப் பொறுமைக்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அப்பாவையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்து, கேசட்டைப் போட்டாள். முதல் பாட்டிலேயே பேஸ் கித்தார் தரையோடு நடந்து வந்தது. டான்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “டேடி... இது நீங்களா?” எட்மண்டின் விரல்கள் முழங்காலில் வாசித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது பாட்டு. டமார். டின் விழுந்த கையோடு பேஸ் நின்றுபோயிற்று. பாட்டும் டிரம்மும் ஓட, பேஸைக் காணோம். டோரின் பாய்ந்து போய் வயரைப் பிடிப்பதற்குள் அது தானாகத் திரும்பி வந்தது. பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். அதே இடத்தில் நின்றது. வயர்களைக் கழற்றி மாட்டினாள். மறுபடியும் அதே இடம்.

“எங்கயோ ரோசாக்கு, கெட்டுப்போச்சி,” என்றாள் அழாத குறையாக. பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே என்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியின் பின்புறம் குனிந்தாள்.

“விடு டோரின். வயரு நல்லாத்தான் இருக்கு,” என்றார் எட்மண்ட். “நான்தான் நிறுத்திட்டேன்.”

“ஏங்க?”

“டின்னு விழுந்துச்சி. யாருன்னு திரும்பிப் பாத்தேன். நீ நின்ன. அப்புறம் எந்த இடத்துல வாசிக்கிறேன்னே மறந்துபோச்சி.”

“அக்கம்பக்கமே தெரியாதுன்னீங்க?” என்றாள் டான்யா. எட்மண்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டோரின் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக அந்த டின்னுக்காக வெட்கப்பட்டவள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினாள். “கொஞ்சம் நகரு,” என்று மகளைத் தள்ளிவிட்டு எட்மண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டின் விழுவதற்காகக் காத்திருந்தாள்.