வச்சிரம் சேர்க்காத சுண்ணாம்பு

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் பலர் கறுப்பையாவைக் 'கள்ளத்தோணி' என்றே கூப்பிட்டார்கள். அவர் கோபித்ததில்லை. "ஆமாங்க, அதுலதான் வந்தேன். நீங்க ஏறியிருந்தா வாந்தியெடுத்தே செத்திருப்பீங்க" என்பார். இராமநாதபுரத்துக் கரையில் பதினேழு வயதில் தோணியேறி, மன்னாரில் குதித்து, காட்டுவழியே நடந்து கண்டிக்கு வந்து சேர்ந்த ஆள். கையில் இருந்தது இரண்டு தூரிகை. கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தார். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் எழுதுவார். மனைவி பாப்பம்மாவின் வாயை மட்டும் எந்தப் பாஷையிலும் ஜெயித்ததில்லை.

ஊரில் என்ன நடந்தாலும் மனுஷன் வீட்டில் தங்கமாட்டார். ஆற்றில் வெள்ளமா, யாருடைய சாவா, முதல் ஆளாகப் போய் நிற்பார். எழுபத்தேழு கலவரத்தில் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த சனத்துக்கு மூன்று கிழமை கஞ்சி காய்ச்சினார். "ஒங்களுக்கு யாரு காய்ச்சுவா?" என்று பாப்பம்மா கேட்டாள். அவர் அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினார்.

எண்பத்து மூன்று ஜூலையில், கொழும்பு எரிகிறது என்று கேள்விப்பட்ட மறுநாள் காலை, ஏணியைத் தூக்கிக்கொண்டு தமிழ்க் கடைகளின் பெயர்களை மறைக்கக் கிளம்பினார். பெயர் தெரியாவிட்டால் கும்பல் தாண்டிப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. மூன்று பலகைகளுக்கு எனாமல் பெயின்ட் அடித்தார். நாலாவது, யாழ்ப்பாணத்துப் பாலேந்திரனின் 'நவரட்ணராஜா புத்தகசாலை'. நவரட்ணராஜா அவருடைய தகப்பனார். இறந்து இருபது நாள்தான்.

"ஐயாவின்ர முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி கூட முடியேல்லை, அண்ணை. அதுக்குள்ள பேரை ஒரேயடியா அழிக்கவோ? பிறகு கழுவக்கூடியதாப் பூசுங்கோ" என்றார் பாலேந்திரன்.

கறுப்பையாவுக்கு மனம் இளகிவிட்டது. பாவி, இளகாமல் இருந்திருக்கலாம்! சுண்ணாம்பைக் கரைத்தார். வச்சிரப் பசை சேர்த்தால்தான் சுண்ணாம்பு மழைக்குத் தாங்கும். ஆனால் லேசில் கழுவ முடியாது. அவர் பசை சேர்க்கவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கறுப்பையா பெயின்ட் வாளியோடு ஓடினார். பாலத்தடியில் திரும்பும்போதே சுண்ணாம்பு வழிந்து, 'நவரட்ணராஜா' முழுசாகத் தெரிந்தது. மூன்று கடைகளைத் தாண்டி வந்த கும்பல் அங்கே நின்றுவிட்டது. நனைந்த தெருவில் புத்தகங்கள் எரிந்தன. பாலேந்திரனும் குடும்பமும் பின்தெரு முஹைதீன் ஹாஜியாரின் வீட்டுக்குள் ஒளிந்திருந்ததால் உயிர் தப்பினார்கள்.

அகதி முகாமில் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போன கறுப்பையாவால் பாலேந்திரனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "நான்தானே கேட்டனான், அண்ணை" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் யாழ்ப்பாணத்துக்கு லொறி ஏறினார். அந்தப் பெயரைத் திரும்ப எழுதிக் கொடுக்காமல் தன் கட்டை வேகாது என்று கறுப்பையா அன்றே முடிவு செய்துவிட்டார்.

யுத்தம் நீண்டது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி எத்தனையோ தாய்மாரோடு அலைந்தார். முழங்கால் தேய்ந்தது, கை நடுங்கத் தொடங்கியது. களைத்துத்தான் போனார். ஆனாலும் ஏணியை விற்கவில்லை.

தொண்ணூற்றாறில் பாலேந்திரனின் மகள் இரஞ்சிதம் வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த வழியில் தகப்பனைப் பறிகொடுத்திருந்தாள். அதே தெருவில் சின்னதாய் ஒரு கடை எடுத்து, பலகை எழுதக் கறுப்பையாவைக் கூப்பிட்டாள்.

"தாத்தா பேருதானேம்மா? பெருசா எழுதுறேன், எனாமல்ல!"

"பேர் வேண்டாம், மாமா. புத்தகக் கடை எண்டு சிங்களத்தில மட்டும் எழுதுங்கோ. இன்னொருக்கா எரிய எனக்குத் தெம்பில்லை."

பதின்மூன்று வருடம் காத்திருந்ததற்கு இதுதானா? கறுப்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளையோடு எந்த வாயால் வாதாடுவது? சரியென்று பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் அவர் ஏணியில் நிற்க, இரஞ்சிதம் பலகையைத் தூக்கிக் கொடுத்தாள். விரலில் பெயின்ட் ஒட்டியது. பலகையைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் அவள் கேட்ட சிங்களம்; பின்பக்கம் முழுக்க, நடுங்கிய தமிழ் எழுத்தில், 'நவரட்ணராஜா புத்தகசாலை'.

"இது இன்னும் காயேல்லையே, மாமா. சுவரோட ஒட்டிப்போடுமே."

"ஒட்டட்டும்மா" என்று சொல்லி, கறுப்பையா ஆணியை அடித்தார்.