சந்தேகம் என்று எழுதிய அறிக்கை

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்த பிறகு மரபணுச் சோதனை செய்தார்கள். ஒரு மரபணுவில் ஓரிடத்தில் மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்பது சந்தேகம் என்று அறிக்கை வந்தது. எனக்கும் சோதித்தார்கள். அதே மாற்றம்.

அக்கா மகளை என் மகனுக்குக் கட்டுவதாகப் பேசி வைத்திருந்தோம். பிள்ளைகளுக்கும் விருப்பம்தான். "இத வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க சார்" என்று மரபணு ஆலோசகர் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டால்தானே. நாங்கள் தறி நெய்கிறவர்கள். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும்போது ஓர் இழைமேல் சந்தேகம் வந்தால் ஆராய்ந்துகொண்டு நிற்கமாட்டோம். அறுத்துவிட்டு வேறு இழையைப் பிணைப்போம். அதே கையோடு கல்யாணப் பேச்சையும் அறுத்தேன். இரண்டு பக்கத்துக் கோளாறும் பேரப்பிள்ளைகளுக்கு இறங்கிவிடும் என்று அக்காவிடம் நேராகவே சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் ஆலோசகரே போன் செய்தார். முன்பு எல்லா மரபணுவுக்கும் பொதுவான விதியை வைத்துப் பார்த்தார்களாம். அதில் எங்களுடையது இரண்டுங்கெட்டான். இப்போது அந்த மரபணுவுக்கென்றே தனி விதிமுறை வந்திருக்கிறது. அதில் எந்தப் பகுதி மாறினால் ஆபத்து, எந்தப் பகுதி மாறினால் பாதகமில்லை என்று பிரித்திருக்கிறார்கள். எங்கள் மாற்றம் பாதகமில்லாத பகுதியில்.

"உங்க உடம்புல எதுவும் மாறல சார். பார்க்கிற விதிதான் மாறியிருக்குது. அக்காவுக்கு நோய் வந்ததுக்குக் காரணம் இது இல்ல. ஆனா அவங்க செக்கப்ப விடக்கூடாது" என்று சொல்லி, புது அறிக்கையைப் போனுக்கு அனுப்பினார்.

எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. பட்டுச் சேலையையும் பருத்தித் துண்டையும் ஒரே கண்ணால் பார்த்துக் குறை சொல்ல முடியாது. மனசு லேசாகிவிட்டது. அன்று சாயங்காலமே தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து எடுத்துக்கொண்டு தாமலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நமக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சிக்கா" என்று போனில் புது அறிக்கையைக் காட்டினேன். அக்கா அதை மகளிடம் கொடுத்தாள். அவள் நிதானமாகப் படித்தாள்.

"மாமா, அன்னிக்கும் சந்தேகம்னுதான் போட்டிருந்தாங்க. நோய்னு நீங்கதான் படிச்சீங்க" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டை நீட்டியபடி நின்றேன். அக்கா வாங்கவில்லை.