மான் வராத ஏழு கணினிகள்

என் மனைவி சிவாஜினி வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் பொறுக்கமாட்டாள். குசினியில் மல்லிப் போத்தல், சீரகப் போத்தல் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் சாவியைக் கதிரையில் போட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல பூசை கிடைக்கும். ஆனால் அவளுடைய கணினிக்குள் இந்தச் சட்டம் ஒன்றும் செல்லாது. அங்கே எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும்.

ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு எழுதுவினைஞர் வேலை. விடுமுறை நாட்களில் லினக்ஸில் ஓடும் சின்ன விளையாட்டுகள் செய்வாள். கடைசியாகச் செய்ததில், சல்லி என்ற மீனவர் கிராமத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மீன்பெட்டியுடன் டவுனுக்கு வருவார். எங்கள் டவுனுக்குள் திரியும் மான்கள் வழக்கம்போல நடுத்தெருவில் நிற்கும். மோதாமல் மீனை விற்று முடிக்க வேண்டும்.

கிண்ணியாவில் ரபீக்கா நடத்தும் சிறுவர் நூலகத்தில் எட்டுப் பழைய கணினிகள். அவற்றில் ஒன்று சிவாஜினி கொடுத்தது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகள் இந்த விளையாட்டை விளையாடலாம் என்று சிவாஜினி வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு முந்தின கிழமையே போய் அதை எட்டிலும் ஏற்றி, ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரபீக்கா தொலைபேசியில் வந்தாள். “அக்கா, ஏழு மெஷின்ல மானைக் காணல்ல. படத்துக்குப் பதிலா றோஸ் கலர்ப் பெட்டிதான் ஓடுது.”

மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் பறந்தோம். சிவாஜினி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, படங்களை என்ர பேரில உள்ள போல்டருக்குள்ள தேடச் சொல்லி எழுதிப்போட்டன்.”

அவள் ஓட்டிப் பார்த்தது தான் கொடுத்த அதே கணினியில். அவளுடைய பெயரில் இருந்த பழைய கோப்புறை அதில் அழியாமலே இருந்தது. மான்கள் அங்கிருந்து வந்துவிட்டன. மற்ற ஏழிலும் சிவாஜினி என்று யாரும் இல்லை.

“மல்லிப் போத்தலுக்குப் பேர் ஒட்டின ஆள்,” என்றேன்.

“கதைக்காம இருங்கோ.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிள்ளைகளை ஏமாற்றிவிடுவோமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நிரலை விளையாட்டுகளுக்கென்று உள்ள இடத்தில் வைத்தாள். படங்களையும் ஒலிகளையும் யார் திறந்தாலும் கிடைக்கும் பொது இடத்துக்கு மாற்றினாள். புள்ளிகள் மட்டும் அவரவர் பெயரிலுள்ள கோப்புறையில் சேரும்படி செய்தாள். ஒன்பதரைக்கு ஏழிலும் மான்கள் வந்து நின்றன.

எழும்பப் போனவள் தன் பழைய கணினிக்கு முன்னால் மறுபடி இருந்தாள். “இதில என்ர போல்டர் இருக்குமட்டும் சரிவந்திட்டுதோ எண்டு சொல்ல ஏலாது,” என்றாள்.

அந்தக் கோப்புறையில் அவள் முதன்முதல் வரைந்த மான் இருந்தது. பார்த்தால் ஆடுதான். ஒருதரம் பார்த்துச் சிரித்துவிட்டு, முழுவதையும் அழித்தாள். திரும்ப ஓட்டினாள். மான் வந்தது. ரபீக்கா முதல் வளைவிலேயே அதில் மோதி மீனெல்லாம் கொட்டினாள்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். யாராவது உதவிக்குக் கூப்பிடுவார்கள் என்று சிவாஜினி பன்னிரண்டு மணிவரை கதவோரம் நின்றாள். திரும்பி வரும்போது பாலத்தில் என் முதுகில் தட்டினாள்.

“ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை,” என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் கதைத்து நான் கேட்டு நாளாகிறது.