நான் கீறாத படம்

கூத்து ராசாக்களுக்கு முடி செய்வேன், கோயிலுக்குத் திரைச்சீலை எழுதுவேன், கடைக்குப் பெயர்ப்பலகையும் எழுதுவேன். ஆனால் சோறு போட்டது சித்திர ஆசிரியர் வேலைதான். வீடு குருக்கள்மடத்தில், பள்ளிக்கூடம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றும் மிதவையில் தினமும் போய்வந்தேன். எங்கள் பக்கத் துறையில் இராணுவக் காவலரண் இருந்தது.

ஒருநாள் எட்டாம் வகுப்பைப் படம் கீறக் கரைக்குக் கூட்டிப்போனேன். வாய் சும்மா இருந்தால்தானே. "கண்ணுக்குத் தெரியிறதக் கீறுங்க, ஒண்டையும் விடப்படாது" என்றேன். ஒரு பிள்ளை சொன்னபடியே செய்திருந்தாள்: தண்ணீர், தென்னை, எதிர்க்கரைக் காவலரண், மண்மூட்டை, துவக்கு. நான் பார்க்காமலே தாள்கட்டோடு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

துறையில் பையைச் சோதித்த சிப்பாய், உளவுப் படமென்று நினைத்து அந்தத் தாளை அதிகாரியிடம் கொடுத்தான்.

"இது யார் கீறினது?"

அவள் வழமைபோலப் பெயர் எழுத மறந்திருந்தாள். அதற்காக எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

"நான்தான் சேர்."

அதிகாரி வெள்ளைத்தாளும் பென்சிலும் தந்தார். "இப்ப கீறு."

அழகாகக் கீறினால் பொய் பிடிபடும். அடுத்த சுற்றிவளைப்பில் நேரே அந்த வகுப்புக்குத்தான் போவார்கள். நல்லவேளை, அவளுடைய கை எனக்குத் தெரியும். தென்னோலை எல்லாம் ஒரே பக்கம் சாயும். தாள் கிழியுமளவுக்குப் பென்சிலை அழுத்துவாள். அப்படியே கீறினேன். கோடுகளையும் அவளைப்போலவே கோணலாக்கினேன்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரி சிரித்தார். "நீ மாஸ்டர்?" நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, போ என்றார்.

மறுநாள் மேசையில் ஒரு பூச்சாடியை வைத்து, இனி இதைத்தான் கீற வேண்டும் என்றேன். அந்தப் பிள்ளை எழும்பினாள்.

"என்ட படம் எங்க சேர்?"

உண்மையைச் சொன்னால் மாலைக்குள் ஊரெல்லாம் பரவும். அவளுடைய கோடு கோணல்தான். ஆனாலும் அந்த வகுப்பில் கண்ணைத் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"அது சரியில்ல மனே. கிழிச்சிப் போட்டன்."

அவள் உட்கார்ந்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்துப் பூச்சாடியைக் கீறிக் கொடுத்தாள். நான் அதற்குப் புள்ளி போட்டேன்.