கேள்விக்குறி இல்லாத கந்தையா

கனடாவில், ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் ஒரு மரக்கறிக் கடையில் நான் வேலை செய்த காலத்தில், கந்தையா என்றால் முதலாளி வருகிறார் என்று பொருள். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. எங்கள் அப்பாமாரின் தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு கந்தையா இருந்தார், அவ்வளவுதான். 'வந்தார் ஐயா'வோடு எதுகை சேர்ந்ததால் என்னோடு வேலை செய்த மன்னார்க்காரர் அதைத் தேர்ந்தெடுத்தார். அவர் கத்தோலிக்கர்.

"ஏன் காணும், உங்கட ஆக்களில பேர் இல்லையோ?" என்று கேட்டேன்.

"சூசைப்பிள்ளையை வைச்சு என்னத்தை அண்ணை கட்டுறது? உங்கட கந்தையாதான் வாய்க்குச் சுகம்."

பின்னறையில் முட்டைக்கோவாவின் வெளியிலைகளை உரித்தபடி கதைத்துக்கொண்டிருப்போம். வாசலுக்குக் கிட்ட நிற்பவர் "கந்தையா" என்றதும் கதை நின்றுவிடும். முதலாளி வயதான இத்தாலியர். அந்தச் சொல்லை எங்கள் வணக்கம் என்று நினைத்துவிட்டார். சில மாதங்களில் "போன்ஜூர், கந்தையா!" என்று அவரே கூவிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கினார்.

பிறகு பொருள் விரிந்தது. லொறி வந்தாலும் கந்தையா, பஸ் வந்தாலும் கந்தையா. என் மனைவிக்கும் இதைச் சொல்லியிருந்தேன். ஊரில் போர்நிறுத்தம் நிலவிய ஆண்டுகள் அவை. அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் அறையில், கனடா விசாவுக்காக இரண்டாவது ஆண்டாகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழைக்கும்போது எங்கள் முதல் சொல் அதுதான். "கந்தையா?" என்பேன். "இல்லை" என்பாள். சிலவேளை அவள் முந்திக்கொண்டு கேட்பாள். என் பக்கம் ஏதும் கடிதம் வந்ததா என்று அர்த்தம்.

கடையில் சொந்த அழைப்புகள் கூடாது. ஆனாலும் கடைத் தொலைபேசி இலக்கத்தை அவளிடம் கொடுத்திருந்தேன், விசா வந்தால் மட்டும் எடுக்கச் சொல்லி.

சோளம் வந்து குவியும் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, லொறியில் பெட்டி இறக்கிவிட்டு உள்ளே வந்தேன். மன்னார்க்காரர் முகம் வெளிறி நின்றார்.

"அண்ணை, ஆரோ ஒரு பொம்பிளை போன் எடுத்து 'கந்தையா' எண்டா. நான் பயந்து டக்கெண்டு வைச்சிட்டன்."

"வேற என்ன சொன்னவ?"

"விட்டாத்தானே சொல்ல! கந்தையா எண்டால் நான் வேலைக்கெல்லோ ஓடுவன்."

"கேட்டவவோ, சொன்னவவோ?"

அவர் விழித்தார். அந்தப் பெயர் ஏற்கனவே 'ஆ' ஒலியில் முடிகிறது. கேள்விக்கும் செய்திக்கும் எழுத்து ஒன்றுதான். ஊரில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தபோது, கேள்விக்குறி விடுபட்ட தலைப்புகளைத் திருத்தியிருக்கிறேன். இங்கே பார்ப்பதற்கு மூலப்பிரதி இல்லை. அவ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டும் என்றேன். ஒருமுறை இறக்கியும் ஒருமுறை உயர்த்தியும் சொன்னார்.

"ரெண்டும் சரியாத்தான் கிடக்கு, அண்ணை."

ஆனால் விசா வந்தால் மட்டும் என்றல்லவா சொல்லியிருந்தேன். பத்து மணி இடைவேளைக்குள் மனத்தில் விமானச்சீட்டுப் பதிந்தேன், அவளுக்குப் பனிக்காலச் சட்டை எடுத்தேன், ஜன்னல் உள்ள அறைக்குக் குடிபோனேன்.

மெட்ரோ வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. அழைப்பு அட்டை இலக்கங்களை இரண்டு தடவை பிழையாக அழுத்தினேன். வெள்ளவத்தை வீட்டுக்காரர் எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

"வந்திட்டுதோ?" என்றேன்.

"இல்லையப்பா. ஒண்டும் வரேல்லை."

"அப்ப ஏன் எடுத்தனீர்?"

"விசா வந்தால்தான் எடுக்கலாமோ?"

என்ன சாப்பிட்டீர் என்று கேட்டேன். இடியப்பம் என்றாள். வேறென்ன என்றேன். வேறொன்றுமில்லை என்றாள். இருவருமே தொலைபேசியை வைக்கவில்லை. இடைவேளை முடிந்துகொண்டிருந்தது. அட்டையில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஒரு பெண் குரல் பிரெஞ்சில் அறிவித்தது. அந்தப் பக்கத்திலும் கேட்டிருக்க வேண்டும்.

"அது ஆர் கதைக்கிறது?" என்றாள்.

"ஒருத்தருமில்லை. நீர் கதையும்."