முகத்துவாரம் வெட்டிய நேரம்

புவியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்பிப்பது என் வேலை. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துக் குறை நிறை சொல்லவேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். பெரும்பாலும் "நல்லாரிக்கு மிஸ்" என்பதோடு முடிந்துவிடும். கூடப் படிக்கிறவரின் எழுத்தில் பிழை பிடிக்க யாருக்கும் மனம் வராது.

போன மாரிக்குப் பிறகு ஒரு நாள் அப்படி முடியவில்லை. வயல் சூழ்ந்த பழுகாமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வெள்ளத்தையும் வயலையும் பற்றி எழுதியிருந்தாள். மாரியில் வாவி நிரம்பினால், கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டித் தண்ணீரை விடுவார்கள். "முகத்துவாரம் உரிய நேரத்தில் வெட்டப்பட்டதால் வயல்கள் காப்பாற்றப்பட்டன" என்பது அவள் வசனம். அதை வாசித்தவன் வாவியில் மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை. தாளைக் கீழே வைத்தான்.

"இது பிழை மிஸ். ஆருக்கு உரிய நேரம்? வாவி நிரம்ப முதலே வெட்டிற்றாங்க. கிடந்த இறாலெல்லாம் கடலுக்குப் போயிற்று. எங்கட அப்பா கனநாள் வலையைக் காயப் போட்டுட்டு இரிந்தவர்."

அவளும் விடவில்லை. "எங்கட வட்டைக்குள்ள, வயல் முழுக்கத் தண்ணி நிண்டது உனக்குத் தெரியுமா? கதிர் வெளிய வராத குடலைப் பயிர். இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தா வேளாண்மை முழுக்க அழுகியிரிக்கும்."

அதே வெள்ளத்தைப் பற்றி அவன் எழுதிய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அதில் "அவசரமாக வெட்டப்பட்டதால்" என்றிருந்தது. இரண்டு வசனங்களையும் பலகையில் எழுதி, இவற்றிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது என்று வகுப்பைக் கேட்டேன்.

"எழுதின ஆள் எந்த ஊர் எண்டு தெரியுது மிஸ்" என்றது பின்வரிசைக் குரலொன்று. எல்லோரும் சிரித்தார்கள், அந்த இருவரையும் தவிர.

புவியியலில் இதற்கு வழி உண்டு. 'உரிய', 'அவசரமாக' இரண்டையும் எடுத்துவிட்டு, வெட்டிய திகதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதினால் போதும். அதைத்தான் சொன்னேன்.

"அப்பிடி எழுதினா எங்கட வயலும் இல்ல, இவன்ட அப்பாவும் இல்ல. மறுகா என்னத்துக்கு மிஸ் எழுதுற?" என்றாள் அவள்.

யோசித்து வாருங்கள் என்று அனுப்பினேன். எனக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வகுப்புகளுக்கு இருவரும் வரவில்லை. பிறகு ஒன்றாக வந்தார்கள். அவன் அவளோடு வட்டைக்குப் போய் விவசாயிகளிடம் பேசியிருந்தான். அவள் அவனுடைய ஊர்த் தோணித்துறைக்குப் போய் மீனவர்களிடம் கேட்டிருந்தாள். அவளது புதிய பந்தி நீர்மட்டத்தோடு தொடங்கியது. "இதை விவசாயிகள் உரிய நேரம் என்கின்றனர், மீனவர்கள் முந்திய நேரம் என்கின்றனர். இருவரும் ஒரே நீர்மட்டத்தைப் பற்றியே பேசுகின்றனர்." ஆய்வுமுறை அத்தியாயத்தில், ஆய்வாளர் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காத வரி அது. வாசித்தபோது மனம் நிறைந்தது.

நேர்முகத் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அவளிடம் நேராகவே கேட்டார்: "உங்களிட்டக் கேட்டா வெட்டச் சொல்லுவீங்களா?"

"ஓம் சேர், வெட்டத்தான் சொல்லுவன். ஆனா நான் வயல்காரன்ட மகள் எண்டு அதில எழுதியிரிக்கன்."

பரீட்சகர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வெளியே அவன் காத்து நின்றான். அவனுக்குத் தேர்வு மறுநாள். நடந்ததைக் கேட்டதும் முகம் மாறியது.

"என்னட்டயும் கேட்டா என்ன மிஸ் சொல்லுற?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"முந்தி வெட்டப்படா எண்டுதான்."

"அப்ப அதையே சொல்லு."

மறுநாள், இரவெல்லாம் அந்தப் பதிலுக்குத் தயாராகி வந்திருந்தான். அவனிடம் வரைபடத்தின் அளவுத்திட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.